இருட்டறை விளக்குக்கு ஒரு சிம்னி

பக்கத்து வீட்டு மைதீன் ராவுத்தர் போன செவ்வாய்க்கிழமை தன் கோழிக்கூட்டுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை மாட்டினார்.

தன் வீட்டுக் கூடத்தில் பதினைந்து வாட்டுக்கு மேல் ஏறாத மனிதர். கோழிக்கு நாற்பது!

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பென்ஷன்காரனுக்கு மாலைப் பத்திரிகை மதில்தானே?

"என்ன ராவுத்தரே... கோழிய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அனுப்புதியளா?"

"கேலி பண்ணாதிய அண்ணாச்சி. சாரல் தொடங்கினதுலேருந்து ஒரே மூட்டம். ஒண்ணுகூட முட்ட போட மாட்டேங்கு. சாயங்காலம் மூணு மணி நேரம் கூடுதலா வெளிச்சம் காட்டுனா போடும்னு பண்ணக்காரன் சொல்லுதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"கோழிக்கு லைட்டு போட்டா முட்ட வருமாம்லா! அடுப்படிக்கு ஒரு லைட்டு போடுங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்லுதேன். அங்கன போட்டா சோறு வரும்னு யாரும் சொல்லித் தரலியோ?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்பீர்கள். நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை - ஓர் அரிக்கேன் லாந்தர் சொல்லிக் கொடுத்தது. அந்த லாந்தரை மாட்டக்கூடாத இடத்தில் மாட்டவைத்த குற்றவாளியும் நான்தான்.

ஆறேழு வருஷம் இருக்கும். அப்போது நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், வயல்களுக்குள் ஒதுங்கியிருந்த ஒரு மீன் பண்ணையில் ஹெட்கிளார்க். நான்கு குளம், ஏழெட்டு சிமென்ட் தொட்டி, ஓட்டுக் கூரை போட்ட ஒரு ஸ்டோர் கட்டடம், சுடலைமுத்து என்று ஒரு வாட்ச்மேன். மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குழம்பில் எந்தத் துண்டு நல்ல துண்டு என்பதுகூடத் தெரியாது... நான் சைவம். ஆனால் மீன் செத்தால் எந்தப் படிவம், எத்தனை நகல், யார் மூலமாக யாருக்குப் போகவேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பண்ணை நடக்க அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பண்ணைக்கு ஒரு விசேஷம் உண்டு. வருஷத்தில் ஒன்பது மாதம் எந்த மேலதிகாரிக்கும் எங்கள் நினைவே வராது. பொதிகைப் பக்கம் மேகம் இறங்கி, முதல் சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று மெட்ராஸ் பேப்பரில் நாலு வரி வரட்டும் - உடனே தந்தி வரும். 'இன்ஸ்பெக்‌ஷன்.' குடும்பம், மாமியார், மச்சினன் பிள்ளைகள், எண்ணெய்ப் பாட்டில் சகிதம் வருவார்கள். ஜீப்பிலிருந்து கால் தரையில் படும் முன்பே கேள்வி வரும். ஸ்டாக் ரிஜிஸ்டர் பற்றியா? இல்லை.

"மெயின் அருவியில தண்ணி எப்படி விழுது?"

மீனும் அதே சீசனில்தான் முட்டையிடும். ஆகவே மீன் முட்டையிடுவதையும் அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வருவதையும் கிளப்பிவிடுவது ஒரே இயற்கைச் சக்திதான் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு விஞ்ஞான விளக்கம் கொடுக்க வந்தவர் மரகதம்.

பாளையங்கோட்டைப் பெண். விலங்கியலில் எம்.எஸ்ஸி. தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர் பதவி - ஜூன் மாதக் கடைசியில் காலாவதி. பலன் காட்டினால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வீடு. முதல் நாளே பெட்டியைத் திறந்து ஊசியும் சிரிஞ்சும் எடுத்து வைத்ததால் சுடலைமுத்து அவருக்கு 'டாக்டரம்மா' என்று பட்டம் கொடுத்துவிட்டான்.

"தேளி மீன் தெரியுமா சார்?"

தெரியும். ஒரு தரம் தொட்டியில் கைவிட்டு எண்ணப் பார்த்தேன். செதிலே இல்லாமல் வழவழவென்று இருக்கும். பக்கத்துத் துடுப்பில் ஒரு முள். குத்தினால் கடுகடுவென்று தோள்பட்டை வரை ஏறும். அன்று முதல் தேளிகளை எண்ணாமலே எண்ணிக்கை எழுதும் வழக்கத்துக்கு வந்தேன்.

"அது எப்ப சினைப்படணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? காலண்டரா இருக்கு? பகல் நீளுறதப் பாத்துத்தான் சார் தெரிஞ்சுக்குது. ஆனா மெட்ராஸ்ல டெபுடி டைரக்டர் நம்ப மாட்டேங்கறார். அதெல்லாம் சீமை மீனுக்கும்மா, அங்க கோடைக்கும் குளிருக்கும் பகல் ஏழெட்டு மணி நேரம் மாறும், நம்ம ஊர்ல மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம், அத ஒரு மீன் கண்டுக்குமாங்கறார்."

"ஏன் கண்டுக்காது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே நம்ம ஆபீஸ் முழுக்கக் கண்டுக்குதே?"

அவர் சிரித்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். நான் அதை எனக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக்கொண்டேன். கண் என்பது தபால் பிரிவு; வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும். மூளை என்பது செக்‌ஷன். குறிப்பு எழுதி மேலே வைக்கும். மூளைக்கு அடியில் கடுகளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதுதான் கையெழுத்துப் போடும் அதிகாரி. அது போடுகிற ஆர்டருக்குப் பெயர் ஹார்மோன். ரத்தத்தில் மிதந்து கீழே சினைப்பைக்கு வரும். ஆர்டர் கையில் கிடைத்த பிறகுதான் கீழே வேலை ஆரம்பம்.

"அப்ப அந்த ஊசி எதுக்கு?"

"வேற மீனோட பிட்யூட்டரிய எடுத்து அரைச்சுக் குத்துறது சார். அதிகாரி கையெழுத்த நாமளே கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி. ஆனா ஒண்ணு... முட்ட முதல்லயே உள்ள முத்தியிருக்கணும். முத்தாத மீனுக்கு எத்தன ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்ல."

கீழே ஃபைல் தயாராக இல்லாவிட்டால் மேலே கையெழுத்துப் போட்டு என்ன லாபம்? முப்பது வருஷ சர்வீஸில் நான் கண்டதைத் தேளி மீனும் கண்டுவைத்திருந்தது. எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

சுரப்பிகளைக் கெடாமல் வைக்கச் சுத்தமான ஆல்கஹால் வேண்டும் என்றார் மரகதம். மதுவிலக்கு அமலில் இருக்கும் ராஜ்யத்தில்! அதற்குப் பெர்மிட் வாங்கியது தனிக் கதை. பாட்டில் வந்து சேர்ந்த அன்று பண்ணையைச் சுற்றி என்றும் இல்லாத நடமாட்டம். உள்ளே மீன் மூளையிலிருந்து பிடுங்கியது மிதக்கிறது என்று சுடலைமுத்து ஊரில் சொல்லிவைத்தான். நடமாட்டம் நின்றது.

மாசி மாதம் சோதனை தொடங்கியது. வெளி வராந்தாவில் ஒரு தொட்டி. அதற்கு ராத்திரி ஒன்பது மணி வரை எலெக்ட்ரிக் பல்பு. ஸ்டோர் கட்டடத்தின் ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் அடித்து உள்ளே இரண்டு தொட்டி - ஒன்று வாசலருகில், இன்னொன்று மூலையில், வலைக்குவியலுக்குப் பின்னால். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். நான்கு மணிக்கு மரகதம் தன் கையால் பூட்டுவார். மறுநாள் காலை வரை கும்மிருட்டு. வெளிச்சத் தொட்டியில் சினை பிடிக்க வேண்டும். இருட்டுத் தொட்டிகளில் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சோதனை.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் மரகதம் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"போச்சு சார். வெளிச்சத் தொட்டில வயிறு புடைச்சு நிக்குது. நல்லது. மூலைத் தொட்டில ஒண்ணும் இல்ல. அதுவும் நல்லது. ஆனா வாசல் தொட்டியும் வயிறு புடைச்சு நிக்குது! அதே இருட்டு, அதே தீனி, அதே தண்ணி. ரெண்டு இருட்டுத் தொட்டி ரெண்டு விதமா சொன்னா என்னை யார் நம்புவா?"

"சாட்சி பல்டி அடிச்சா கேஸ் நிக்காதும்மா."

"கேஸ் மட்டுமா? வேலையே நிக்காது. டெபுடி டைரக்டர் ரெண்டு வாரத்துல சீசனுக்கு வரார். எங்கப்பா கோவில்பட்டி அத்தை மகனோட கல்யாணத்துக்கு நாளே பாத்து வச்சுட்டார். நான் ஜூன் மாசக் கடைசில வீட்டுக்கு வரதுதான் பாக்கி. மீனுக்கு முட்ட வரலேன்னா எனக்குத் தாலி வந்துரும் சார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆறுதல் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. அதற்குப் படிவம் கிடையாது. "பாப்போம்" என்று சொல்லிவிட்டு அன்றைய தபாலைப் புரட்டினேன். மேலாக சுடலைமுத்துவின் விண்ணப்பம் ஒன்று இருந்தது.

'மீன் இருட்டறை விளக்கின் சிம்னிக் கண்ணாடி உடைந்துவிட்டபடியால் புது சிம்னி ஒன்று வழங்கும்படி...'

இருட்டறை விளக்கு.

ஒரு தரம் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். மரகதம் போனதும் சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன்.

"ஏம்வே சொடலமுத்து... இருட்டறைக்கு எதுக்கு வெளக்கு?"

"என்னய்யா இப்பிடிக் கேக்கிய? நீங்கதான ஆர்டர் போட்டிய."

"நானா?"

"ஆமா. முந்தி வல களவு போச்சுல்லா... அப்போ போட்டிய. 'பூட்டிய கட்டடம் ஒவ்வொன்றிலும் மாலை ஆறு மணிக்குக் காவலாளி விளக்கேற்றி மாட்ட வேண்டும்.' மனப்பாடமாச் சொல்லுதேன், தப்பா இருந்தா சொல்லுங்க. டாக்டரம்மா நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போயிருதாவ. நான் ஆறு மணிக்கு ஆபீஸ் சாவியப் போட்டுத் தொறந்து, வாசல் பக்கத்து ஆணில மாட்டிட்டுப் பூட்டிருதேன். மண்ணெண்ண தீருத மட்டும் எரியும். ஒருநா தவறுனது இல்ல."

"அந்த ஆணிக்குக் கீழ..."

"தொட்டி இருக்கு. வெளிச்சம் நல்லா விழும். மூலத் தொட்டிக்குத்தான் விழாது, வல மறச்சிரும். பாவம்."

"அந்த அம்மாட்ட நீ சொல்லலியா?"

"அவிய கேக்கலியே."

என் சர்வீஸில் நான் போட்ட ஆர்டர்கள் ஆயிரத்துக்குக் குறையாது. அத்தனையிலும் ஒரு நாள்கூடத் தவறாமல் நிறைவேற்றப்பட்டது அந்த ஒன்றே ஒன்றுதான். அதுவும் வலைத் திருடனுக்கு வேட்டு வைக்காமல், ஒரு பெண்பிள்ளையின் வேலைக்கு வைத்திருந்தது!

இப்போது என்ன செய்வது?

லாந்தரைக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. எனக்கு ஓய்வு பெற ஆறே மாதம். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கீறல் கிடையாது. பிறரிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதியே கை தேய்ந்தவன் நான். என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு மண்ணெண்ணெய் லாந்தருக்காகவா?

ஆனால் லாந்தரைச் சொல்லாவிட்டால் வாசல் தொட்டி பொய்ச் சாட்சி. சொன்னால் அதுதான் முதல் சாட்சி. ஒரே அறை, ஒரே தண்ணீர், வித்தியாசம் வெறும் லாந்தர் வெளிச்சம் - அந்தச் சின்ன வெளிச்சத்தையே நம் ஊர் மீன் கண்டுகொள்கிறது என்றால், டெபுடி டைரக்டர் அப்புறம் என்ன பேச முடியும்? மரகதம் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

சரி, சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? வாய்வார்த்தையாகவா? முறை என்று ஒன்று இல்லையா?

எனக்கே ஒரு மெமோ எழுதினேன்.

'இருட்டறையில் விளக்கு எரியக் காரணமான ஆணையைப் பிறப்பித்த தலைமை எழுத்தர், இது கண்ட இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.' கீழே என் கையெழுத்து. பெற்றுக்கொண்டதற்கும் என் கையெழுத்து. பதிலும் எழுதினேன்: 'ஆணை பிறப்பித்த காலத்தில் அக்கட்டடத்தில் வலைகள் மட்டுமே இருந்தன. வலைகள் சினைப்படுவதில்லை.'

மரகதத்திடம் காட்டினேன். படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பட்டார். மூன்று மாதம் தினமும் என் கையாலேயே பூட்டினேனே, ஆணியை ஒரு நாள் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று தன்மேலேயே பட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இது உங்க சர்வீஸ் புக்ல ஏறுமே சார்?"

"ஏறட்டும். அதுலயும் ஏதாவது படிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?"

டெபுடி டைரக்டர் குடும்பத்தோடு குற்றாலத்தில் வந்து இறங்கினார். ஆபீஸுக்கு எப்போது வருவார் என்பது அருவிக்கு மட்டுமே தெரியும். ஃபைலை எடுத்துக்கொண்டு நானே போனேன். அருவிக்கரையில், இடுப்பில் ஒரு துண்டோடு, பாறைமேல் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில் பரோட்டாவுக்கு மாவு பிசைவதுபோல் பிசைந்துகொண்டிருந்தார். நான் குடையை ஃபைலுக்குப் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி படித்துக் காட்டினேன்.

"என்னய்யா இது... திருடனும் நீ, போலீசும் நீயா?"

"ஜட்ஜ் மட்டும் நீங்க சார்."

"லாந்தர் வெளிச்சத்துக்கா சினை பிடிச்சுது? சும்மா கதை விடாதே." சட்டென்று திரும்பினார்.

"அசையாதிய அய்யா, எண்ண கண்ணுல போயிரும்" என்றார் பின்னால் இருந்தவர்.

போயிற்று. கண்ணைக் கசக்கிக்கொண்டே, சாயங்காலம் வருகிறேன், ரெண்டு தொட்டி மீனுக்கும் என் எதிரில் ஊசி போடட்டும், பார்க்கலாம் என்றார்.

போட்டார்கள். வாசல் தொட்டியில் நான்கு பெண் மீன், மூலைத் தொட்டியில் நான்கு. ஒரே மருந்து, ஒரே அளவு. மரகதம் ஒவ்வொன்றாகக் குத்தினார். ஊசி ஏறுகிற ஒவ்வொரு தடவையும் நான் ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக டெபுடி டைரக்டர் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதல் முறையாக அருவிக்குப் போகும் முன்பே பண்ணைக்கு வந்த அதிகாரி! மரகதம் மூலைத் தொட்டி மீனை எடுத்து வயிற்றை மெல்ல வருடினார். ஒன்றும் வரவில்லை. நான்கிலும் வரவில்லை. அடுத்து வாசல் தொட்டி மீன். கட்டை விரலால் மெல்ல ஓர் அழுத்து - இளம்பச்சை நிறத்தில், கடுகு கடுகாக, தட்டு நிறைய முட்டை!

 சுடலைமுத்துதான் முதலில் எட்டிப் பார்த்தான்.

"நம்ம லாந்தர் முட்டையா, அய்யா?"

டெபுடி டைரக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "குடும்மா இப்படி, நான் எடுக்கிறேன்" என்று தொட்டிக்குள் கையை விட்டார். 'சார், துடுப்பு' என்று மரகதம் சொல்வதற்குள் தேளி தன் கடமையைச் செய்துவிட்டது.

வலது கை ஆட்காட்டி விரல். மனிதர் ஒற்றைக் காலில் ஆடினார்.

அந்த நிலைமையிலும் நீட்டிப்பு உத்தரவை நான் நீட்டத்தான் செய்தேன். கல்நெஞ்சம் என்கிறீர்களா? மாதக் கடைசிக்கு நாலே நாள் இருந்தது ஐயா! இடது கையால் கையெழுத்துப் போட்டார். ராக்கெட் விட்ட தடம்போல் இருந்தது. மெட்ராஸில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? 'வலது கையில் அரசு மீன் குத்தியதால் இடது கையால் ஒப்பமிடப்பட்டது' என்று பக்கத்தில் ஒரு சான்று எழுதி, அதிலும் இன்னோர் இடது கைக் கையெழுத்து வாங்கிவிட்டேன். விரல் வீக்கத்துக்காக அவர் மேலும் நான்கு நாள் குற்றாலத்திலேயே தங்க நேர்ந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

உத்தரவின் கடைசி வரி: 'தலைமை எழுத்தரின் விளக்கம் ஏற்கப்படுகிறது, இனி கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்.' சர்வீஸ் புத்தகத்தில் பதிவு எழுதுவது யார் வேலை? ஹெட்கிளார்க் வேலை. என் ஒரே கறையை என் கையாலேயே, நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏற்றிவிட்டு ஓய்வு பெற்றேன்.

இதையெல்லாம் மதில்மேல் சாய்ந்துகொண்டு ராவுத்தருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்பம் எங்கோழிக்கும் முட்ட வருமா அண்ணாச்சி?"

"வரும். ஆனா ஒங்க வீட்டுல அவ்வோ கேட்ட அடுப்படி லைட்ட மொதல்ல போடுங்க. இல்லாட்டி முட்ட வந்தாலும் ஆம்லெட் வராது."

அப்போதுதான் தெருமுனையில் ஒரு சர்க்கார் ஜீப் திரும்பி என் வீட்டு வாசலில் நின்றது. சர்க்கார் ஜீப் என்றால் பென்ஷன்காரனுக்கு இன்றைக்கும் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும். முன் சீட்டிலிருந்து மரகதம் இறங்கினார். மூக்குக்கண்ணாடி, கையில் ஃபைல், ஒரு தனித் தோரணை - இப்போது அசிஸ்டன்ட் டைரக்டர். கோவில்பட்டி அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டி மூன்று பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாராம். பின் சீட்டில் மரகதத்தின் அம்மா, இரண்டு சித்திமார், நாலைந்து ஈரிழைத் துண்டு, மடியில் பத்திரமாக ஓர் எண்ணெய்ப் பாட்டில்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"வாங்கம்மா வாங்க! இன்ஸ்பெக்‌ஷனா?"

"ஆமா சார்" என்றார். குரல் கொஞ்சம் தணிந்தது. "மெயின் அருவில தண்ணி எப்படி விழுது?"